பாதி உப்பு

வேரை எறிந்துவிடாதே என்று நேற்று போனில் அவள் சொன்னாள். கொத்தமல்லிக் கட்டு வீட்டுக்குள் வந்தவுடன் வேரை அரிந்து குப்பைக் கூடையில் போட்டுப் பழகிய கை, இன்றைக்கும் பாதி அரிந்துவிட்டு அப்புறம்தான் நிற்கிறது. மண் ஒட்டி நார் நாராகத் தொங்குகிற இதை யார் தின்பார்கள். அவள் ஊரில் தின்பார்களாம். இலை மேலே தூவத்தான் யக்கா, ருசி வேர்ல இருக்கு, வேரையும் பூண்டையும் வெள்ளை மிளகையும் சேர்த்து இடி என்றாள். யக்கா. எந்த முறையில் நான் அவளுக்கு அக்கா என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். எத்தனை தண்ணீர் விட்டு அலசினாலும் அடியில் மண் நிற்கிறது. ஏலக்காய் இடிக்கிற சின்ன உரலை இதற்குத் தொட மனசில்லை. என் மகள் வடிவு தன் வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்திருக்கிறாள், கூடவே கரண்ட் அடுப்பு, பெரிய பாத்திரம், கரண்டி, எல்லாம் அவள் வீட்டுச் சாமான், வேலை முடிந்ததும் அவளே எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். புறவாசலில் துணி துவைக்கிற கல்லின் மேல் அடுப்பை வைத்திருக்கிறோம். "ஏம்மா, கோழி செத்துப்போச்சு, அது எந்திரிச்சு நடந்து ஒன் அடுக்களைக்குள்ள வரப்போகுதா, உள்ளேயே வைச்சா என்ன" என்று கேட்டாள். ஹாஸ்டலில் படிக்கும்போதே எல்லாம் தின்னப் பழகியவள் அவள், வங்கியில் வேலை, வாரக் கடைசியில் பிரியாணி, இந்த வீட்டு அடுக்களையில் மூன்று தலைமுறையாக முட்டை உடைந்ததில்லை என்பது அவளுக்கு ஒரு வேடிக்கை. நான் இடிக்கிறேன். இடிக்க இடிக்க மேலே வருகிற வாசனை நன்றாக இருக்கிறது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. நாற்றமாக இருந்திருந்தால் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்ற வேண்டும், கொதிக்க விடக்கூடாது, தண்ணீர் சத்தம் போடக்கூடாது, அதுவும் அவள் சொன்னதுதான். எலும்பை நான் தொடவில்லை, வடிவு பையைக் கவிழ்த்துப் போட்டாள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், ஆனாலும் பார்த்துவிட்டேன், கழுத்தும் முதுகும், குளிர்காலத்தில் நடுங்குகிற தோல்போல் புள்ளி புள்ளியாக ஒரு தோல். இப்போது நுரை திரண்டு ஓரமாக வந்து நிற்கிறது, சாம்பல் நிறத்தில், பருப்பு நுரைபோல் இல்லை, கொஞ்சம் கனமாக. இதை நான் ஏன் செய்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடலாம், அவர் சாப்பிடவில்லை. குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டார். முதலில் சோறு நின்றது, பிறகு இட்லி, பிறகு மோர், இப்போது வாயை நனைக்கத் தண்ணீர். உளுந்தஞ்சோறு வைத்தேன், கூட்டாஞ்சோறு வைத்தேன், தேங்காயை மூன்று பால் எடுத்துச் சொதி வைத்தேன், கல்யாணத்துக்கு மறுநாள் எங்கள் வீட்டில் அவருக்கு வைத்த அதே சொதி. தட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்ப்பதில்லை, சுவரைப் பார்க்கிறார். தொண்டையில் ஒன்றுமில்லை, வயிற்றில் ஒன்றுமில்லை, கேமரா எல்லாம் விட்டுப் பார்த்தாகிவிட்டது, மனசுதான் என்றார் டாக்டர். மனசு என்று ஒன்று அவருக்கு இருப்பதை டாக்டர்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்குள் ஏதாவது இறங்கவில்லை என்றால் நாளைக் காலையில் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள், மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடலாம் என்றார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்குப் போட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கையைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள், பிடுங்கிவிடாமல் இருக்க. அந்த ஆளின் கண் மட்டும் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தது. நுரையை எடுக்க வேண்டும். நுரை வந்தா சவத்த எடுத்துத் தள்ளு யக்கா என்றாள்.

சவத்த. எங்கள் பக்கத்து வசவு. பாங்காக்கில் பிறந்து வளர்ந்தவள் வாயில் சவத்த. நேற்று வடிவு போனைச் சத்தமாகப் பேசவிட்டு மேசை மேல் வைத்தபோது நான் எதிர்பார்த்தது வேறு, மூக்கால் பேசுகிற ஒரு வெளிநாட்டுக் குரல், புரியாத நாலு வார்த்தை, வடிவு இங்கிலீஷில் பேசி எனக்குச் சொல்லுவாள், அப்படித்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "யக்கா, நான் சுமாலி பேசுதேன்" என்றது போன். பேசுதேன். பாளையங்கோட்டைக்காரிபோலப் பேசுதேன் என்றது. வார்த்தைக்கு வார்த்தை சுருதி மட்டும் மேலும் கீழும் போனது, மற்றபடி அது என் வீட்டுக்காரர் குற்றாலிங்கம் பேசுகிற தமிழ், அல்லது அவர் பேசியிருக்கக்கூடிய தமிழ், ஏனென்றால் என்னிடம் அவர் இத்தனை வார்த்தை பேசியதே இல்லை. ரத்தினக் கல் வியாபாரத்துக்குப் போன இவரும் நம் ஆட்களும் தங்கியிருந்த வீட்டில் சமைக்க வந்தவளாம், பிறகு அவளும் இவரும் தனியாக ஒரு வீடு பார்த்துக்கொண்டார்களாம், இதை எல்லாம் வடிவு முந்தியே அவர் போனிலிருந்து நம்பர் எடுத்து அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டு எனக்கு ஆபீஸ் விஷயம் சொல்லுகிற மாதிரி சொன்னாள். ஒரு மனுசனிடமிருந்து மொழியைக் கற்றுக்கொள்ள எத்தனை பேச்சு வேண்டும், அதுவும் சவத்தத் தள்ளு வரைக்கும், கோட்டி பிடிச்சுட்டா வரைக்கும். காலையில் பல் விளக்கும்போது பேசியிருக்க வேண்டும், சாப்பிடும்போது, விளக்கை அணைத்த பிறகு. "அத்தான் கோட்டி யக்கா, கிறுக்கு. சண்ட போட்டா சாப்பிடாது. ஆனா குவைதியாவ், எங்க ஊரு நூடுல்ஸ் சூப்பு, முன்னாடி வைச்சா சாப்பிடும்" என்றாள். அத்தான். நான் அவருக்கு முறைப்பெண் இல்லை, அசலில் கட்டியது, அதனால் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு இடம் இல்லை என்று கல்யாணமான புதிதில் என் மாமியார் சொல்லிவிட்டார்கள், நானும் என்னங்க, இந்தாங்க, வடிவு பிறந்த பிறகு வடிவு அப்பா என்று காலத்தைத் தள்ளிவிட்டேன். இப்படிக் கூப்பிடு என்று அவளுக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். வேறு யார் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் ஆசைப்பட்டிருக்கிறார், கடல் கடந்து போய் ஒருத்தி வாயில் அதைப் போட்டுக் கேட்டிருக்கிறார்.

முள்ளங்கியைத் துண்டம் போட்டுப் பாத்திரத்தில் தள்ளுகிறேன், இடித்த விழுதை, பட்டையை, அன்னாசிப்பூவை. இவையெல்லாம் நம் சாமான்கள். கற்கண்டும் நம் சாமான்தான், கோயிலில் கொடுத்தது டப்பாவில் கிடந்தது, அதில் கொஞ்சம். சாமி கற்கண்டு கோழித் தண்ணீரில் கரைகிறது, பார்த்துக்கொண்டே நிற்கிறேன், ஒன்றும் ஆகவில்லை, வானம் இடியவில்லை. அங்கே ஒருத்தி இருப்பது எனக்குத் தெரியாமல் இருந்தது என்று சொல்லமாட்டேன். லீவில் வரும்போது பெட்டியைத் திறந்தால் சட்டைகள் மடித்திருக்கும். அவர் மடிக்கிற மாதிரி இல்லை, அவருக்கு மடிக்கவே தெரியாது, சலவைக்காரன் மடிப்பும் இல்லை. கையை உள்ளே வைத்து, காலரை நிமிர்த்தி, சதுரம் சதுரமாக, இடையில் ஏதோ காய்ந்த இலை போட்டு. ஒவ்வொரு தடவையும் நான் எல்லாவற்றையும் உதறி, வெயிலில் போட்டு, என் மடிப்பில் மடித்து பீரோவில் வைப்பேன். திரும்பிப் போகும்போது என் மடிப்போடு போகும், அடுத்த தடவை அவள் மடிப்போடு வரும். இப்படியே எத்தனையோ வருஷம் நானும் அவளும் ஒரு வார்த்தை பேசாமல் பேசிக்கொண்டிருந்தோம். அவர் இடையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்வந்தார், அவ்வளவுதான். பிறகு கண் மங்கி, கல்லின் நிறம் பிரிக்க முடியாமல் போய், வேலை முடிந்து வந்துவிட்டார். அந்தப் பெட்டியிலும் சட்டைகள் சதுரமாகத்தான் இருந்தன. திரும்பி வரமாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தாரா, லீவில் போவதுபோல் வந்தாரா, அது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லுகிற ஆளும் இல்லை. ஒரு தரம்கூட அவர் என் சமையலை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை, நன்றாக இல்லை என்றும் சொன்னதில்லை, வைத்ததைச் சாப்பிடுவார், மறுசோறு வேண்டுமென்றால் தட்டை லேசாக நகர்த்துவார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். ஊரிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன், எங்க வீட்ல உப்பு வேணும்னு யாரும் கேட்டதில்ல என்று. பிரமு கைக்கு அளவு தெரியும் என்று என் அம்மா பெருமையாகச் சொல்லுவாள். சாமிக்குக் காட்டாமல் ருசி பார்க்கக்கூடாது என்று வளர்ந்த வீடு, நாக்கில் வைத்துப் பார்க்காமல் கொதிக்கிற வாசனையிலேயே உப்பைக் கண்டுபிடிக்கிற மூக்கு. அவருக்கு அங்கே என்ன பேச்செல்லாம் இருந்திருக்கும். சுமாலி, இன்னைக்குப் பிரமாதம். சுமாலி, இன்னும் ரெண்டு அகப்பை விடு. சாப்பிட்டுவிட்டு அப்படியே சாய்ந்துகொண்டு, அடுப்பில் நிற்கிறவள் முதுகைப் பார்த்து, ஏட்டி, என்னத்தப் போட்டு இப்படி வைச்சே. அவர் குரலில் இதை எனக்குக் கேட்க முடிகிறது, ஒரு நாளும் கேட்காத குரலில்.

தண்ணீர் நிறம் மாறுகிறது. வாசனை சுவரைத் தாண்டிப் போயிருக்கும், பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி இரண்டு தரம் மாடிக்கு வந்து காயாத துணியைத் திருப்பிப் போட்டுவிட்டாள். "என்ன பிரமக்கா, மசாலா வாசம் தூக்குது, விருந்தாளா?" என்று மேலேயிருந்து கேட்கிறாள். "வடிவு ஏதோ செய்யுதா" என்றேன். பழியை மகள் தலையில் போடுவதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. "அண்ணாச்சி சாப்பிடுதாகளா?" "அதுக்குத்தான் பாடுபடுதோம்." "எலும்பும் தோலுமா ஆயிட்டாக" என்றாள், போனாள். இவள் ஒருத்தி போதும். நாளை ஆம்புலன்ஸ் வாசலில் நின்றால் தெருவுக்கே சொல்லிவிடுவாள், இத்தனை வருஷம் வெளிநாட்டிலே நல்லா இருந்த மனுசன், வீட்டுக்கு வந்து இவ கையில சோறு இறங்காம போயிட்டாருன்னு. சோறு போடாமல் கொன்றவள் என்று சொல்லமாட்டார்கள், அப்படிச் சொல்ல முடியாது, இவள் சோறு இறங்கவில்லை என்றுதான் சொல்லுவார்கள், அது அதைவிட மோசம். அவர் சாப்பிட வேண்டும். நெஞ்சில் கை வைத்துச் சொல்லுகிறேன், சாப்பிட வேண்டும், கையைக் கட்டிலோடு கட்டுவதை நான் பார்க்க முடியாது. ஆனால் சாப்பிட்டுவிட்டால். என் சொதி வேண்டாம், என் உளுந்தஞ்சோறு வேண்டாம், இந்த வேர்த் தண்ணீருக்கு வாயைத் திறந்துவிட்டால், பிறகு இந்த வீட்டில் நான் இத்தனை வருஷம் அடுப்பெரித்ததற்கு என்ன பெயர். வேண்டாம், சாப்பிடட்டும். சாப்பிடாமல் இருந்தால் அவளும் தோற்றாள் என்று ஆகும், அப்போது நாங்கள் இரண்டு பேரும் ஒன்று. இந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது. ஒரு மனுஷன் உள்ளே பட்டினி கிடக்கிறான், நான் புறவாசலில் நின்று யார் ஜெயிப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பூண்டு எண்ணெயில் பொன்னிறத்துக்கு வந்துவிட்டது, எடு, எடு, கருகினால் கசக்கும்.

உப்பு. இதுதான் நேற்றிலிருந்து உறுத்திக்கொண்டிருக்கிறது. "யக்கா, உப்பு பாதி போடு" என்றாள். பாதி என்றால் என்ன என்று வடிவு கேட்டாள். "சாப்பிட்டா, ம், கொறச்சலா இருக்குன்னு தோணணும். பொறவு நாலு ஜாடி முன்னாடி வைக்கணும். உப்பா இருக்கிற மீன் தண்ணி, சீனி, வினிகர் காடியில மொளகா, மொளகாப் பொடி. மிச்சத்த அத்தான் போட்டுக்கும். எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான். சமைக்கிறவ முடிக்கக்கூடாது. சாப்பிடுற ஆளு முடிக்கணும்." வடிவுக்கு இது பிடித்துப்போயிற்று, நல்ல பழக்கமா இருக்கே என்றாள். எனக்கு என்ன பழக்கம் இது என்று இருந்தது. அரைகுறையாகச் சமைத்து ஒருத்தர் முன்னால் வைத்து மிச்சத்தை நீயே பார்த்துக்கொள் என்பதா. உப்புக் குறைந்த சாப்பாட்டை இலையில் வைத்தால் வந்தவர் முகம் பார்த்துச் செத்துப்போக வேண்டும் எங்கள் பக்கத்தில். கொதி வாசனை மூக்கில் ஏறுகிறது, இதுவரை அறியாத வாசனைதான், ஆனாலும் உப்பு போதவில்லை என்று எனக்குத் தெரிகிறது, மோர்க்குழம்பில் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிகிறது. பாதி போட்டாகிவிட்டது. மிச்சப் பாதி கல்லுப்பு உள்ளங்கையில் இருக்கிறது. ஒரு வேளை அவர் ஜாடியைத் தொடாமலே ஒரு வாய் எடுத்தால்? உப்பில்லை என்று வைத்துவிட்டால்? அவள் சொல்லித்தான் நான் என் கையளவையும் விட வேண்டுமா. குனிந்து கை விரித்துப் போட்டுவிட்டேன். கரண்டியால் கலக்குகிறேன். இப்போது வாசனை முழுசாக இருக்கிறது, மூடி வைத்தாற்போல. இதுதான் சமையல்.

அவரை வாக்கரோடு நடத்தி மேசைக்குக் கொண்டுவர வடிவு பாடுபடுகிறாள். "வாங்க சார், பாங்காக் மெயில் வந்தாச்சு, ஏறுங்க" என்கிறாள். அவள் இப்படித்தான், சாவு வீட்டிலும் சிரிக்க வைப்பாள். ரிப்பன்போல் பட்டையான அரிசி நூடுல்ஸ், பச்சைத் தண்ணீரில் ஊறியதை, தனியாகக் கொதிக்கிற வெந்நீரில் காட்டி எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, மேலே எலும்பிலிருந்து வடிவு பிய்த்த சதை, முளைப்பயறு, பூண்டு, கொத்தமல்லி இலை, எல்லாவற்றுக்கும் மேல் கொதிக்கிற தண்ணீர். நான்தான் கொண்டுபோய் வைக்கிறேன். பக்கத்தில் அந்த நாலு ஜாடி. ஆவி அவர் முகத்தில் படுகிறது. இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் சுவரைப் பார்க்கவில்லை. கை மேலே வருகிறது. ஸ்பூனை எடுக்கவில்லை அவர், குழம்பைச் சுவைத்துப் பார்க்கவில்லை, கை நேராக மீன் தண்ணீருக்குப் போகிறது, ஒரு தரம், இரண்டு தரம், பிறகு காடி, பிறகு சீனி ஒரு ஸ்பூன், நடுவில் யோசனை இல்லை, கண் மங்கிய மனுஷன் ஒரு சொட்டுச் சிந்தாமல், வீட்டில் லைட் சுவிட்சைத் தேடாமல் போடுகிற மாதிரி. நான் அந்தக் கையைப் பார்க்கிறேன். என் மேசையில் அந்தக் கை எதையும் எடுத்துப் போட்டுக்கொண்டதில்லை, வைத்தது வைத்தபடி. அவருக்கு இப்படி வேண்டும், அப்படி வேண்டும் என்று ஒரு நாக்கு இருந்திருக்கிறது. இவ்வளவு புளிப்பு, இவ்வளவு இனிப்பு. யாருக்குத் தெரியும். கலக்கினார், ஒரு வாய் எடுத்தார். வாயில் வைத்தபடியே கொஞ்சம் இருந்தார். பிறகு ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, கிண்ணத்தை ஒரு சாண் தள்ளிவிட்டு, சுவருக்குத் திரும்பிவிட்டார்.

"அப்பா, ஒரு வாய். ஒரே வாய்ப்பா" என்கிறாள் வடிவு. சிரிப்பெல்லாம் போய்விட்டது அவளுக்கு. "அப்பா, நாளைக்கு மூக்குல குழாய் போடுவாங்க, தெரியும்லா? ஒங்களுக்குச் சம்மதமா?" அவள் எழுந்து முன்னறைக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்கிறாள், பெட் இருக்கா, எத்தனை மணிக்கு வரணும் என்று கேட்கும் குரல் உடைந்து உடைந்து வருகிறது. எனக்குள்ளே ஒன்று ஆனது, அதை என்ன என்று சொல்ல. சந்தோஷம். வேறு பெயர் இல்லை அதற்கு. வெயிலில் வந்து மோர் குடித்தாற்போல் வயிறு வரைக்கும் இறங்கிய சந்தோஷம். அவளும் தோற்றாள். வேரும் தோற்றது, நாலு ஜாடியும் தோற்றது, அத்தான் என்கிற வார்த்தையும் தோற்றது. நான் அங்கேயே நிற்கிறேன், கரண்டி கையில் இருக்கிறது, அவர் பிடரியைப் பார்க்கிறேன். முடி வெட்டி நாளாயிற்று. காதுக்குப் பின்னால் எலும்பு மேடாகத் தெரிகிறது, அதன் மேல் தோல் இழுத்துக் கட்டினாற்போல், எலும்புப் பையைக் கவிழ்த்தபோது பார்த்த தோல்போல். சந்தோஷம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் ஸ்பூனை எடுத்து அந்தக் கிண்ணத்தில் தொட்டு என் நாக்கில் வைத்துக்கொண்டேன். யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டேன். கோழி என்ன ருசி என்று எனக்குத் தெரியாது, மீன் என்ன ருசி என்றும் தெரியாது, அவை தெரிவதற்கு முன்னால் உப்பு வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. கடல் தண்ணீர். என் முழு உப்பும் அவர் மீன் தண்ணீரும். அவர் அவளுடைய கிண்ணம் என்று நம்பிக் கையை நீட்டியிருக்கிறார், பாதி காலியாக இருக்கும், தனக்கு இடம் விட்டிருப்பாள் என்று. நான் இடமே விடாமல் நிறைத்துவைத்திருக்கிறேன். இதை அறிந்தவள் நான் ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டு நின்றால் யாருக்கும் தெரியாது, நாளைக் காலை குழாய் வரும், அவள் சொன்ன சாப்பாடும் இறங்கவில்லை என்று ஊர்க் கணக்கு நேராகிவிடும். முன்னறையில் வடிவு, சரி, சரி, ஏழு மணிக்கு வந்துருதோம் என்கிறாள்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனேன். தண்ணீரை முழுக்க வடித்துக் கொட்டிவிட்டு, பாத்திரத்திலிருந்து அரை அகப்பை, மேலே நூடுல்ஸ் காட்டிய வெறும் வெந்நீர் நிறைய. நிறம் வெளிறிப் போயிற்று. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன், ஒன்றுமில்லை, நோயாளிக் கஞ்சி மாதிரி. இப்படி ஒன்றை என் கையால் ஒருத்தர் முன்னால் வைத்ததில்லை. கொண்டுபோய் வைத்தேன். கிண்ணம் மேசையில் தட்டிய சத்தத்துக்குத் திரும்பினார். "உப்பு கொறச்சலா இருக்கு" என்றேன், "வேணும்னா போட்டுக்கிடுங்க." இத்தனை காலத்தில் அவரிடம் நான் சொன்ன வார்த்தைகளிலேயே வாயை விட்டு வெளியே வரக் கஷ்டப்பட்டது இதுதான். வெகு நேரம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை முதலில் ஸ்பூனைத்தான் எடுத்தார், இனி நம்பமாட்டார் போலிருக்கிறது. ஒரு வாய் சுவைத்தார். மீன் தண்ணீர் கொஞ்சம். மறுபடி ஒரு வாய். காடி. சீனி. மறுபடி ஒரு வாய். மிளகாய்ப் பொடியை இரண்டு விரலால் எடுத்து வட்டமாகத் தூவினார். அப்புறம் கிண்ணத்தின் மேல் குனிந்தார், குனிந்தவர் நிமிரவில்லை. உறிஞ்சுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. என் மேசையில் சத்தம் வராமல் சாப்பிடுகிற மனுஷன் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வடிவு வாசற்படியில் வந்து நின்று போனைக் காதிலிருந்து எடுக்காமலே அழுதுகொண்டிருந்தாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி அடியில் இருந்ததையும் குடித்துவிட்டு வைத்தார். வாயைத் துண்டால் துடைத்தார். யாரையும் பார்க்காமல், காலிக் கிண்ணத்தைப் பார்த்து, "இப்ப சரியா இருக்கு" என்றார்.

வடிவு ஆஸ்பத்திரிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு உடனே பாங்காக்குக்குப் போன் போட்டாள். போனை அவர் முன்னால் நீட்டினாள், "அத்தான்? அத்தான்?" என்று அது கூப்பிட்டது, அவர் தலையை ஆட்டிவிட்டார், வேண்டாம் என்று, வாக்கரைப் பிடித்து எழுந்து கட்டிலைப் பார்க்க நடந்தார். அவளிடமும் பேசவில்லை. போனை நான் வாங்கிக்கொண்டேன். "யக்கா, சாப்பிட்டுச்சா?" "சாப்பிட்டாங்க." "எல்லாமா?" "கிண்ணம் காலி." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம், பிறகு சிரிப்பு. "பாதி உப்புதான போட்ட?" "ஆமா." "அத்தான் என்ன சொல்லுச்சு யக்கா?" கேட்டுவிட்டு அவள் மூச்சுவிடாமல் காத்திருப்பது எனக்குக் கேட்டது. "ஒண்ணும் சொல்லல" என்றேன். "அது எப்பவும் அப்படித்தான் யக்கா" என்றாள், "இத்தன வருசம் போட்டேன், ஒரு நாள், ஒரே நாள் நல்லாருக்கு, சரியாருக்கு, எதுவும் வாயில வராது. நானா கிண்ணத்தப் பாத்துக்கிடுவேன். ஒன்கிட்டயாவது சொல்லும்னு நெனச்சேன்." அவர் கட்டிலில் ஏறிப் படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்புவதை இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். "பாத்திரம் எல்லாம் அப்படியே கெடக்கு, வைக்கேன்" என்று போனை வைத்துவிட்டேன்.